நாற்பத்தெட்டு வயது ரப்பர் ஹோஸ்

பழைய கார் வைத்திருப்பவர்களில், ஓட்டுவதற்காக வைத்திருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை, விட்டுவிடுவோம். இன்னொரு இனத்துக்கு ஒரிஜினல்வாதி என்று பெயர். அவரிடம் போய், “வண்டி ஓடுதா சார்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் பார்ப்பார். பிறகு பானெட்டைத் தூக்குவார். அதோடு உங்கள் சாயங்காலம் போயிற்று.

நான் சொல்லப்போகிறவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாயில் பொய்ப்பல் மாட்டுகிறவர்தான். ஆனால் தன் வண்டியில் ஒரு திருகாணி புதிதாக வந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. பெயிண்டையும் சீட்டையும் எவனும் பார்ப்பானாம், ரேடியேட்டர் பக்கம் வந்தால்தான் ஆளின் யோக்கியதை தெரியுமாம். மூடியில் கம்பெனி முத்திரை இருக்க வேண்டும், ஃபேன் பழைய இரும்பு ஃபேனாக இருக்க வேண்டும், இன்ஜினுக்குத் தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸின் மேல் வண்டி பிறந்த வருஷத்து எண் புடைப்பாகத் தெரிய வேண்டும், அந்த ஹோஸை இறுக்கிப் பிடிப்பது அந்தக் காலத்துக் கம்பி கிளாம்பாக இருக்க வேண்டும். அடுத்தவர் வண்டிக்குள் குனிந்து பார்த்து, “ப்ச்... திருகு கிளாம்பா?” என்பார். அவ்வளவுதான். வண்டிக்காரருக்கு ஒரு வாரம் தூக்கம் கிடையாது.

டாக்டரிடம் இரண்டு ஜோடி ஹோஸ் உண்டு. ஓடுவதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று. காட்டுகிற ஜோடிக்கு நாற்பத்தெட்டு வயது. பவுடர் பூசி, மெல்லிய துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். கண்காட்சிக்கு முதல் நாள் மாட்டுவார்; நடுவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனதும் கழற்றுவார். புடவைகளில் ரப்பர் வாடை வருகிறதென்று அவர் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இவருக்கு ஒரே மகள். தூரதேசத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. திரும்பி வர இரண்டு வருஷமாவது ஆகும். அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஏர்போர்ட்டுக்கு நீங்கதான்பா நம்ம வண்டியில கொண்டுபோய் விடணும். வீட்டுல எப்பப் பார்த்தாலும் பானெட்டுக்குள்ள தலையை விட்டுட்டு இருக்கீங்க. அந்த ஒரு மணி நேரமாவது என்கூடப் பேசிட்டு வாங்க.”

“கண்டிப்பாம்மா” என்றார்.

அந்த வாரம் பார்த்து ஒரு கண்காட்சி முடிந்திருந்தது, அடுத்தது பத்தே நாளில் இருந்தது. அதனால் காட்டுகிற ஹோஸ் கழற்றப்படாமல் வண்டியிலேயே இருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“சார், இது நின்ன இடத்துல நிக்கறதுக்குத்தான். ரோட்டுக்குத் தாங்காது. இருபது நிமிஷம் கொடுங்க, மாத்திடறேன்.”

“கழட்டிக் கழட்டி மாட்டினா நம்பர் தேஞ்சுடும்யா. ஏர்போர்ட் இங்கதானே இருக்கு? மெதுவா ஓட்டிக்கறேன்.”

மெதுவாகத்தான் ஓட்டினார். மகள் முன்சீட்டில், மனைவி பின்சீட்டில் பெட்டிகளோடு. மகளிடம் சொல்ல அவர் மனசுக்குள் என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தார்; நேரத்துக்குச் சாப்பிடு என்பதிலிருந்து, நீ இல்லாமல் வீடு எப்படி இருக்கப்போகிறதோ என்பது வரை. ஆனால் கண் என்னவோ சூடு காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. “அப்பா, ஏதாவது பேசுங்களேன்” என்றாள் மகள். “இரும்மா, இந்த சிக்னல் தாண்டட்டும்” என்றார் டாக்டர். சிக்னலிலேயே ஹோஸ் வெடித்தது.

ஆவி அடங்குவதற்குள் மனைவி ஒரு டாக்ஸியை மறித்துப் பெட்டிகளை ஏற்றிவிட்டாள்.

“நீங்களும் ஏறுங்கப்பா. வண்டி ஓரமா நிக்கட்டும்.”

“நீங்க முன்னாடி போங்கம்மா, இதோ பின்னாடியே வந்துடறேன்.”

வரமாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும். கம்பி கிளாம்ப் தெறித்து ரோட்டில் எங்கோ விழுந்திருந்தது. எந்த லாரியாவது அதன் மேல் ஏறிவிட்டால்? நாற்பத்தெட்டு வருஷத்து கிளாம்ப்! மகள் டாக்ஸி ஜன்னலில் தலையை நீட்டிக் கையசைத்தபோது அப்பா பம்பருக்குக் கீழே குப்புறப் படுத்துத் தடவிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய செருப்பின் அடிப்பாகம்தான்.

மெக்கானிக் வந்து புது ஹோஸ் மாட்டினார். சரியாக இருபது நிமிஷம். வண்டி சமர்த்தாக நின்று உறுமியது. அப்போது போன் அடித்தது.

“உள்ளே வந்துட்டேன்பா. கிடைச்சுதா?”

“கிடைச்சுதும்மா” என்றார் டாக்டர். கிளாம்பைக் கையில் வைத்துக்கொண்டு, காலியான முன்சீட்டைப் பார்த்து, நடுரோட்டில் அழுதார்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களிடம்தான் பழைய காரே கிடையாதே. ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பூட்டி வைத்த பீங்கான் கோப்பைகள் இருக்கின்றன அல்லவா? வாங்கின நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவும் இருக்குமே, “ஏய், உட்காராதே!” என்று பிள்ளைகளை விரட்ட? அதெல்லாம் கீறல் இல்லாமல் பத்திரமாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம்.

அது சரி, உங்கள் பிள்ளைகள் என்றைக்குக் கிளம்புகிறார்கள்?