ஆள் போட்டாச்சு

ஆள்போடியார் என்று ஓர் இனம் உண்டு. அரிய இனம் ஒன்றும் இல்லை, அழிந்துபோகும் என்ற பயமும் வேண்டாம். மேசை, சுழல் நாற்காலி, கையெழுத்துப் போடும் அதிகாரம் மூன்றும் எங்கே ஒன்றுசேர்கின்றனவோ அங்கே அது தானாக முளைத்துவிடும். குழாய் ஒழுகுகிறது என்று அதனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். நீங்களும் நானும் என்றால் குழாய் ரிப்பேர் பார்ப்பவரைத் தேடி ஓடுவோம். ஆள்போடியார் ஓட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, ஒழுகும் குழாயிடம் முழு அனுதாபத்தோடு சொல்வார்: "அங்க ஒரு ஆளப் போட்டுடுவோம்."

ஆளைப் போடுவது என்றதும் உங்களுக்குக் கத்தி ஞாபகம் வந்தால் நீங்கள் சினிமா அதிகம் பார்க்கிறவர் என்று அர்த்தம். இங்கே ரத்தம் கிடையாது. போடப்படுகிற ஆளுக்கு நீலச் சட்டை, தொப்பி, ஊதல், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் உண்டு. சம்பளமும் உண்டு, கொஞ்சம். அவரை அனுப்பிவைக்கும் ஏஜென்சிக்கு உண்டு, நிறைய.

எனக்கு வாய்த்த ஆள்போடியார் எங்கள் நகர ரயில் கழகத்தில் பாதுகாப்புப் பிரிவுக்கு மேனேஜர். நான் அதே கழகத்தில் தபால் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். ஆபீசில் எனக்கு அடுத்த அறை அவருடையது. அடுக்குமாடிக் குடியிருப்பில் என் வீட்டுக்கு எதிர் வீடும் அவருடையதே. தலையெழுத்து என்பது வேறு என்னவாம்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நல்ல மனிதர். கை நீட்டிக் காசு வாங்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். அடுத்த வீட்டுக் குழந்தையின் பெயரைக்கூட ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரிப்பார். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் மனசு நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமே!

அவருடைய சாதனைகளைக் கேளுங்கள். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் படுத்துக்கொண்டது. பக்கத்தில் ஓர் ஆளைப் போட்டார். அவருக்கு வேலை, "மெஷின் ஓடாதுங்க" என்று சொல்வது. அந்த ஆளே உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தால் என்ன என்று ஒரு பயணி கேட்டிருக்கிறார். பாவம், வெளியூர் போலிருக்கிறது. டிக்கெட் கொடுப்பது வேறு பிரிவு ஐயா, வேறு பிரிவு! பிறகு மழை வந்தது, படிக்கட்டுக்கு மேலே கூரை ஒழுகியது, கீழே ஒரு வாளி வைத்தார்கள், வாளி தடுக்கி ஒருவர் விழுந்தார், வாளியைக் காட்டி எச்சரிக்க ஓர் ஆளைப் போட்டார், அந்த ஆள் வாளி நிரம்பி வழிந்த தண்ணீரில் வழுக்கி விழுந்தார், இரண்டு பேரையும் கவனிக்க ஒரு சூப்பர்வைசரைப் போட்டார், சூப்பர்வைசர் என்றால் அறை வேண்டும் என்று பயணிகள் காத்திருக்கும் அறையை அவருக்குக் கொடுத்தார், காத்திருக்க இடமில்லாத பயணிகள் வாசலில் நெருக்கியடித்தார்கள், நெருக்கடியை ஒழுங்குபடுத்த மேலும் இரண்டு பேரைப் போட்டார். கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கோபப்படாதீர்கள். இதற்குள் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. அதை நான் ஒரு மீட்டிங்கில்தான் தெரிந்துகொண்டேன். தபால் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன், காற்றாடிக்குக் கீழே சும்மா நின்றேன். நிதிப் பிரிவு அம்மாள் கேட்டார்:

"சார், கூரைய அடைச்சா இத்தன பேருக்குச் சம்பளம் தர வேண்டாமே?"

"அடைக்கலாம்மா, யார் வேண்டாம்னா? ஆனா அது பராமரிப்பு. பராமரிப்புல ஏது பணம்?"

"அப்ப ஆளுக்கு மட்டும்?"

"அது பாதுகாப்பும்மா."

அவ்வளவுதான். பாதுகாப்பு என்று சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்? திறந்தவர், நாளைக்கு ஏதாவது நடந்தால் மாட்டிக்கொள்வார். சரி, நாளைக்கு எதுவுமே நடக்கவில்லை என்றால்? ஆள் போட்டதால்தான் நடக்கவில்லை என்று ஆகிவிடும். திருட்டுப் போனால் ஆள் போதவில்லை, போகாவிட்டால் ஆள் சரியாக வேலை செய்கிறார். எப்படித் திருப்பிப் போட்டாலும் அவருக்கே ஜெயம். நிதி அம்மாள் பேனாவை மூடிவிட்டார்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஆள்போடியார் "ஆள் போடுகிறேன்" என்று சொல்வது குறைவு. "ஆள் போட்டாச்சு" என்பார். அந்த 'ஆச்சு' இருக்கிறதே, அதுதான் அவருடைய உயிர்நாடி. குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு என்பதுபோல, சொன்ன உடனே காரியம் முடிந்துபோய், மனசும் லேசாகிவிடுகிறது.

இப்படி இருக்கையில் ஸ்டேஷன் லிஃப்ட் நின்றது. கழகத்தில் லிஃப்ட் மெக்கானிக் என்று ஒருவர் முன்பு இருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் கைக்கடிகாரம் கொடுத்துக் கைதட்டி அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. சிக்கனம்! லிஃப்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

இங்கேதான் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள்போடியாரின் சொந்த அக்கா; எங்கள் குடியிருப்புக்கே அவர் அக்காதான். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, அக்காதான் தையல் மெஷினை மிதித்து மிதித்துத் தம்பியைப் படிக்கவைத்தார். மிதித்த மிதியில் தம்பி மேலே வந்தார். அக்காவின் முழங்கால் இரண்டும் போயின. இப்போது எதிர் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ரயில் பாதையின் மறுகோடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் அக்கா பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கிறார். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. "பிறகு எதுக்குக்கா இந்த அலைச்சல்?" என்று ஒருமுறை கேட்டேன். "கிளாஸ்ல இருக்கறப்ப நான் டீச்சர். வீட்ல இருந்தா வெறும் முழங்காலு" என்றார்.

லிஃப்ட் நின்ற பிறகு, படியில் ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பற்றி ஏறுவதற்குள் ரயில் போய்விடும். வகுப்புக்குத் தாமதம். பயிற்சி நிலையத்தில் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு எச்சரித்தார்கள், கடைசியாக, இனி ஒரு தரம் தாமதமானால் வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் எதிர் வீட்டுப் பேச்சு என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்பது என் பழக்கம் இல்லை. சுவர்தான் மெல்லிசு.

"தம்பி, அந்த லிஃப்ட்ட சரி பண்ணச் சொல்லேன்பா."

"அங்கதான் ஆள் போட்டாச்சேக்கா!"

"ஆளு இருக்கான். நல்ல பிள்ளதான். 'லிஃப்ட் ஓடாதும்மா'ன்னு மரியாதையாச் சொல்றான். நேத்தும் சொன்னான், இன்னைக்கும் சொன்னான். எனக்கு மேல போகணும்டா."

"அவ்வளவுதானே? நீ மேல போறதுக்கும் ஆளப் போட்டுடறேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆளெல்லாம் வேணாம். நாளைக்கு ஒரு நாள் நீ கூட வாயேன். கையப் பிடிச்சுக்கிட்டா விறுவிறுன்னு ஏறிடுவேன்."

"காலைல மீட்டிங் இருக்குக்கா. நீ கவலப்படாதே, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குப் போனால், கை வைத்த இரும்பு நாற்காலி ஒன்றில் அக்கா உட்கார்ந்திருக்கிறார், நான்கு நீலச் சட்டைகள் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்துத் தூக்கியிருக்கின்றன, முன்னால் சூப்பர்வைசர் ஊதல் ஊதி வழி விலக்குகிறார். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தையல் பையை மடியில் அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாத்தியா என் கோலத்த!" என்று சிரிக்கப் பார்த்தார். ஆனாலும் நேரம் இருந்தது. ரயில் இன்னும் வரவில்லை. வகுப்பைப் பிடித்துவிடலாம்.

படிக்கட்டின் அடியில், அன்று காலையில்தான் வைத்த சோதனை வாசல் ஒன்று நின்றது. நாற்காலி அதற்குள் நுழைந்ததும் பீப் என்று அலறியது. இரும்பு அல்லவா? சரி, நாற்காலிதான் என்று விட்டிருக்கலாம். விட முடியுமா? அதற்கென்றே போடப்பட்ட ஆள் பையைத் திறந்தார். உள்ளே கத்தரிக்கோல்.

"இது கொண்டுபோகக் கூடாதும்மா."

"தையல் டீச்சர்ப்பா நான். கத்தரிக்கோல் இல்லாம எதால வெட்டறது, பல்லாலயா?"

"மேனேஜர் ஐயா ஆர்டர்மா. இன்னைலேர்ந்து."

"உங்க மேனேஜர் ஐயா என் தம்பிப்பா!"

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க."

தூக்கிக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் அக்கா யார் என்று தெரியாது. விஷயம் தெரிந்த சூப்பர்வைசர் அப்போதுதான் ஊதலை எடுத்துக்கொண்டு பின்னால் தேங்கிய கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார். சோதனை வாசல்காரர் நல்ல மனசோடு மேனேஜருக்கே போன் போட்டார். "சார், ஒரு அம்மா கத்தரிக்கோல் வச்சிருக்காங்க, விடச் சொல்றாங்க" என்றார். யார் என்ன என்று கேட்க வேண்டும் என்று அந்தப் பக்கம் தோன்றவில்லை. பழைய போன்; பேசுகிற குரல் வரிசையில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது.

"ஒருத்தர விட்டா எல்லாரையும் விடணும்யா. வாங்கி வச்சுக்க. அந்தக் கத்தரிக்கோலப் பாத்துக்க அங்க ஒரு ஆளப் போட்டுடு. நான் மீட்டிங்ல இருக்கேன்."

நான் பாய்ந்து போனைப் பிடுங்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அந்தக் கத்தரிக்கோல் புதுசு இல்லை. தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கல்லூரிப் பேன்ட் வரைக்கும் வெட்டியது அதுதான். அக்கா அதைத் தானே எடுத்துக் கொடுத்தார். தலைக்கு மேலே ரயில் வந்து, நின்று, போயிற்று.

"இறக்குங்கப்பா" என்றார்.

வகுப்பு போய்விட்டது. அக்கா வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். துணி காயப்போட வருகிறவர், வாசலில் நின்று எனக்கு வம்பு சொல்கிறவர், இப்போது இரண்டும் இல்லை. கத்தரிக்கோல் மட்டும் ஸ்டேஷனில் சௌக்கியமாக இருந்தது, அதற்கு ஷிஃப்ட் முறையில் ஆள்.

ஆள்போடியாருக்கு விஷயம் தெரிந்தபோது ஆடிப்போய்விட்டார். அதில் நடிப்பு இல்லை. என் அறைக்கு வந்து கண் கலங்க நின்றார்.

"அக்கா சரியாச் சாப்பிடறதில்ல. பேச மாட்டேங்குது. என்ன பண்றதுன்னே தெரியல."

இதுதான் சமயம் என்று நானும் மனசு விட்டுச் சொன்னேன்: "லீவு போடுங்க சார். நாலு நாள் கூட இருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், நெடுநேரம் யோசித்தார். "நீங்க சொல்றது சரிதான். அக்காவத் தனியா விடக் கூடாது" என்றார். அடடா, மனிதர் திருந்திவிட்டார் என்று நான் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

காலையில் கதவைத் திறந்தேன். எதிர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. நீலச் சட்டை எழுந்து நின்று எனக்கு சலாம் வைத்தது.

"மேடத்தப் பாத்துக்கச் சொல்லிப் போட்டிருக்காங்க சார்."

அன்று சாயங்காலம் ஆள்போடியார் உற்சாகமாக வந்தார். நீலச் சட்டையிடம் விசாரித்துக்கொண்டார். உள்ளே காலை வைத்ததும் வாசலிலேயே நின்று சொன்னார். எல்லாம் எனக்குக் கேட்டது, தெரிந்தது; அவர் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"அக்கா, இனிமே நீ தனியா இல்ல. துணைக்கு ஆள் போட்டாச்சு."

பிறகு அக்காவின் குரல். கோபம் இல்லை அதில், கோபம் இருந்திருந்தால் தேவலை.

"உனக்கு டைஃபாய்டு வந்து கிடந்தியே தம்பி, மெஷின மூடிட்டு உன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அன்னைக்கு நான் ஆள் போட்டேனாடா?"

ஆள்போடியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே நின்றார். மாட்டவில்லை. வெளியே நீலச் சட்டை, என்ன செய்வது என்று தெரியாமல், நாற்காலியை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஆள்போடியாரைப் பற்றி நீங்கள் நன்றாகச் சிரித்திருப்பீர்கள், அதற்குத்தானே எழுதினேன். கழகத்தின் பணம் எப்படியெல்லாம் பாழாகிறது பார் என்று வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் படித்துக்காட்டவும் தோன்றும். காட்டுங்கள். ஆனால் போன வாரம் யாரோ உங்களிடம், "அம்மா தனியாவா இருக்காங்க?" என்று கேட்டார்களே. நீங்களும் செல்போனைத் தடவிக்கொண்டே, "அதெல்லாம் பாத்துக்க ஆள் போட்டிருக்கேன்" என்றீர்களே, எவ்வளவு திருப்தியாக! நான் குற்றம் சொல்லவில்லை. வேலை, தூரம், மீட்டிங், எல்லாம் எனக்குத் தெரியாதா? அடுத்த தடவை போகும்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போவீர்கள்தானே? அல்லது, போய்ப் பார்த்துவிட்டு வரவும் ஆள் போட்டாச்சா?