வியாத்திக்கும் பொதிச்சோறு

பசித்து வந்தவனுக்கு முதலில் லத்தீனும் பிறகு சோறும் கொடுத்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் லத்தீன் மாமாதான். அம்மாவின் தம்பி. பாதிரியாராக ஆசைப்பட்டு, குருமடத்தில் கொஞ்ச காலம் படித்துவிட்டுத் திரும்பியவர். இரணியல் ரயில் நிலையம் போகும் சாலையில் பொதிச்சோற்றுக் கடை வைத்திருந்தார். வாழையிலைப் பொதியை நீட்டி, "பாக்ஸ் வோபிஸ்கும்" என்பார்; உங்களுக்குச் சமாதானம் என்று அர்த்தமாம். சில்லறை கேட்கிறார் என்று பையைத் துழாவியவர்கள் உண்டு.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் கடைக்குப் புதுப் பலகை மாட்டினார்: 'வியாத்திக்கும்'. மருந்துக்கடை என்று நினைத்து ஒருவர் மூட்டுவலித் தைலம் கேட்டார்.

"தைலமில்ல வேய். லத்தீனாக்கும். வியான்னா வழி. பயணத்துக்குக் கொண்டு போற சாப்பாடுன்னு அர்த்தம்."

சொன்னது சரிதான். ஆனால் ஒருநாள் ரயிலுக்கு வந்த கன்னியாஸ்திரீ ஒருவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அண்ணே, இது சாகக் கெடக்கவங்களுக்குக் குடுக்குற கடைசி நற்கருணைக்க பேரல்லவா?"

வாசலில் பொதி பிரித்துத் தின்றுகொண்டிருந்தவரின் கை வாயருகே நின்றது.

மாமா அகப்பையைக் கீழே வைத்தார். "அப்படியா சிஸ்டர்? அந்தப் பாடம் வருததுக்கு முந்தி என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாவ."

தானே விட்டுவிட்டு வந்ததாகத்தான் அதுவரை எங்களிடம் சொல்லியிருந்தார்.

மறுநாளே ஸ்டேஷன் முழுக்கச் சிரிப்பு. "லத்தீனே, ஒரு கடைசி சாப்பாடு. மீன் கூட வையும்." பலகையைச் செல்போனில் படம் எடுத்தார்கள். திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போக நின்ற என்னை 'லத்தீனுக்க மருமகன்' என்று காட்டினார்கள். நான் பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நகர்ந்தேன். மாமா பலகையைக் கழற்றிச் சுவரோடு திருப்பி வைத்தார். ஞாயிறு பூசைக்குக் கோயில் வாசலில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றார். லத்தீன் நின்றுபோனது. 'போயிட்டு வாங்க' என்று தமிழில் சொல்லவும் அவருக்கு வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் கொத்தனார் சாகக் கிடந்தார். நற்கருணை அப்பத்தோடு வந்த ஃபாதர், மெழுகுவர்த்தி பிடிக்க மாமாவைக் கூப்பிட்டார். நானும் போனேன். மாமா தலை நிமிரவேயில்லை.

"ஏலே லத்தீனே," கொத்தனார் கண் திறந்தார். "இதுக்க பேரு என்னவாக்கும்? ஒருக்கா சொல்லு."

மாமா ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தலையசைத்தார்.

"வியாத்திக்கும். வழிக்குக் கொண்டு போற சாப்பாடு, அண்ணே."

"அப்போ பசிக்காது," என்று கொத்தனார் வாயைத் திறந்தார்.

திரும்பும்போது மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே ஸ்டேஷன் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் கையை எடுத்துவிடக் கூடாதே என்று, நான் நடையைக் குறைத்தேன்.