அகராதியில் ஏறிய பீரோ

அகராதி ஆசிரியராகிய அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் இங்கு நலம். நீயும் உன் குடும்பமும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானாகவே எண்ணிக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு நமக்குள் இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்கே தெரியும்.

நீ தலை நரைக்கத் தொகுத்த அகராதியை என் மகள் வாங்கி வந்தாள். "அப்பா, சித்தப்பா பேரு முதல் பக்கத்துலயே இருக்கு" என்றாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். சம்பந்தி வந்திருந்த நேரம் என்பதால், ஏதாவது ஒரு சொல்லைப் பாருங்கள் என்று புத்தகத்தை அவரிடமே நீட்டினேன். மனிதர் எங்கெங்கோ புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்: 'மனக்கசப்பு: நெருங்கியவரின் செயலால் மனத்தில் தங்கிவிடும் வருத்தம். எடுத்துக்காட்டு: அப்பாவின் பீரோவை அண்ணன் தர மறுத்ததால் தம்பிக்கு அவர்மேல் மனக்கசப்பு.' படித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த உள் அறைக் கதவு வழியாகத் தெரிந்த பீரோவைப் பார்த்தார். "இதுதானா அது?" என்றார்.

அன்றோடு போயிற்று என் மானம். சம்பந்தி முடிதிருத்தும் கடையில் சொல்ல, கடைக்காரர் தெருவுக்கே சொல்ல, இப்போது பால் வாங்கப் போனால்கூட "மனக்கசப்பு அண்ணன் வர்றாரு, வழி விடுங்க" என்கிறார்கள். சரி, தற்செயலாக இருக்கும் என்று மற்ற சொற்களையும் புரட்டினேன். 'குறட்டை: அண்ணனின் குறட்டையால் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை.' 'பிடிவாதம்: அண்ணன் பிடிவாதத்தைக் கடைசிவரை விடவில்லை.' உன் அண்ணி 'வழுக்கை'யைத் தேட ஆரம்பித்ததும் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல், யாரும் பார்க்காதபோது 'பாசம்' என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன். 'பூனைக்குட்டிமேல் அவளுக்குப் பாசம் அதிகம்' என்று போட்டிருக்கிறாய். குறட்டைக்கு ஞாபகம் வந்த அண்ணன் அதற்கு வரவில்லையா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ எழுதியிருக்கும் பொருளும் போதாது. பஸ் கண்டக்டர் நிறுத்தம் தாண்டி இறக்கிவிட்டால் கோபம் வரும், நடந்து வீடு சேர்வதற்குள் போய்விடும். அவர்மேல் யாருக்கும் மனக்கசப்பு வராது. அதற்கு ஓர் உரிமை வேண்டும். மறுபடி வந்து பேசமாட்டானா என்று உள்ளுக்குள் ஏங்குகிறவனுக்குத்தான் அது வரும். இதை அகராதியில் சொல்ல வேண்டாமா? சற்றுமுன் உன் அண்ணியிடம் இதைச் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து டீயை நீட்டியபடி, "அப்ப தம்பி மேல உங்களுக்கு இருக்கறதும் அதுதானே" என்றாள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தை நீக்கிவிடு. பீரோ விஷயத்தில் என் முடிவு முடிவுதான். அது இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகராது. அந்த வைராக்கியத்தோடு அறைக்குள்ளேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுக்காதே.

இப்படிக்கு,
'ம' வரிசையில் இடம்பிடித்த உன் அண்ணன்

பி.கு.: மேலே ஒரு சிறு திருத்தம். பீரோ நகர்ந்துவிட்டது. உன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று காலையில் வண்டிக்குச் சொல்லிவிட்டு நானே தள்ளினேன். அறை வாசலில் மாட்டிக்கொண்டு இப்போது முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. உள்ளே நான், வெளியே உன் அண்ணி, நடுவில் அப்பாவின் பீரோ. வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இதை உள்ள கொண்டுவந்தவரையே கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது நீதான். எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும். கடிதத்தை இடுக்கு வழியாகக் கொடுக்கிறேன், உன் அண்ணி நேரில் கொண்டு வருவாள். ஆள் யாரையும் அனுப்பாதே, நீயே வா. இந்த இடுக்கில் டீ டம்ளர் நுழைகிறது, சாப்பாட்டுத் தட்டு நுழையவில்லை. நீ மட்டும் வந்துவிட்டால், 'பாசம்' பக்கத்தில் அந்தப் பூனைக்குட்டியே இருந்துவிட்டுப் போகட்டும்.