நாசில் நைனா செய்த ஊசிக் கருவி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை தேடினாலும், கெட்டுப்போகாத பொருளை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் எங்கள் நாசில் நைனா ஒருவர்தான். விசைப்படகில் எஞ்சின் டிரைவர். எஞ்சினுக்கு டீசல் பீச்சும் நாசிலை மோந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்பது ராயபுரத்துப் பேச்சு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் ஃபேனை, "சவுண்டு சரியில்ல மாமு" என்று கழற்றினார். அதன் பிறகு அதில் சவுண்டு வரவில்லை, காற்றும் வரவில்லை.

அவர் மனைவி மல்லிகா அக்காவுக்குச் சர்க்கரை ஏறி, இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். நைனா கரையில் இருந்தால் அவரே போட்டுவிடுவார். கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரமாகும். அக்காவுக்குக் கண் மங்கல், சிரிஞ்சில் உள்ள கோடுகள் தெரியாது. மருந்து கூடினால் மயக்கம், குறைந்தால் சர்க்கரை எகிறும். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த எனக்கோ ஊசியைக் கண்டாலே கால் உதறும்.

"அம்மாம் பெரிய எஞ்சினுக்கே ஊசி போட்றவன் நானு. இது இன்னா, சுண்டக்கா மேட்டரு!" என்று நைனா வேலையில் இறங்கினார்.

முதல் கருவி முழுக்கப் பித்தளை. பழைய நாசில், ஒரு ஸ்பிரிங், ஒரு கைப்பிடி. தூக்கவே இரண்டு கை வேண்டும். தண்ணீர் நிரப்பி ஒரு சங்கரா மீனுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். மீனுக்குப் போக வேண்டிய தண்ணீர் என் சட்டைக்கு வந்தது.

"யோவ், இத்த என் மேல வெச்சே, நேரா மூலக்கொத்தளம் சுடுகாடுதான்" என்றார் அக்கா.

மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று பக்கத்து கிளினிக் நர்ஸம்மா சொல்லியிருந்தார். நைனாவுக்குத் தெரிந்த குளிர்ச்சி ஒன்றுதான், படகில் மீனுக்குப் போடும் ஐஸ். பெட்டியில் நொறுக்கிய ஐஸைப் பரப்பி, மருந்தை அடுக்கி, மேலே மறுபடி ஐஸ் கொட்டி, உப்பும் தூவிவிட்டார். காலையில் மருந்து கல்லாகிக் கிடந்தது.

"இன்னா நைனா, இது வஞ்சிரமா?" நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒறஞ்சி போன மருந்து ஆவாது. கடாசிட்டு புதுசு வாங்கு. ஃப்ரிட்ஜ்ல வை, ஃப்ரீசர்ல வெச்சிடாத."

மறுநாள் படகு கிளம்புகிறது. நைனா சாப்பாட்டைத் தொடவில்லை.

"நான் வேணா இந்த வாட்டி போவாம நின்னுக்கவா?"

"நீ நின்னுக்கினா அடுப்பு எப்டி எரியும்?" என்றார் அக்கா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை வளைத்துச் சிரிஞ்சின் மேல் மாட்டினார். பின்தண்டை இழுத்தால், சரியான கோட்டுக்கு வந்ததும் தகட்டில் தட்டி நின்றுவிடும். அவ்வளவுதான் கருவி. நர்ஸம்மா தண்ணீர் இழுத்து இழுத்துச் சரிபார்த்தார். "டாக்டரு அளவ மாத்துனா, இத்தயும் என் கையில காட்டி மாத்தணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

"தட்டிச்சிய்யா, நின்னுக்கிச்சி!" என்றார் அக்கா.

அந்த வாரம் முழுக்க நான் மாடிப்படியில் நின்று, "ஆச்சா அக்கா?" என்று கேட்பேன். "ஆச்சுப்பா" என்று பதில் வரும்.

படகு திரும்பிய மறுநாள் காலை, அக்கா கையை நீட்டிக்கொண்டு நைனா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அதான் மிசினு செஞ்சி குட்த்துக்கீறேனே?" என்றார் நைனா.

"அது நீ கடல்ல கீறச்சொல. இப்ப வூட்லதான கீற, போடு."

நைனா மூக்குக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் இப்போது கொருக்குப்பேட்டைக்குக் குடிவந்துவிட்டேன். ஃபேன் இன்னும் ஓடவில்லை. வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.