பாஸ்வேர்டைக் கத்திச் சொன்ன சொல்தா

இன்டர்நெட்டில் எதையும் ரகசியமாகச் செய்யத் தெரியாத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் பாண்டிச்சேரியில் பிறந்தார். தினமும் சாயங்காலம் எங்கள் பிரௌசிங் சென்டருக்கும் வந்தார்.

அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அப்படிப் பலர் இருந்தாலும், சென்டர் இருந்த தெருவில் வெறுமனே சொல்தா என்றால் அது இவர்தான். இஸ்திரி போட்ட பேண்ட், முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். யாராவது அவர் வேலை பார்த்த ஜிபூத்தி நாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் வலது கைப் பொத்தான் கழலும். முழங்கைக்குக் கீழே பளபளவென்று ஒரு பெரிய தழும்பு. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் குண்டு பட்ட இடம். தெருவில் புதிதாகக் குடிவருபவர்கள் பால்காரரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்தத் தழும்பைத் தெரிந்துகொள்வார்கள்.

சென்டர் பாயுடையது. பர்மா பஜார் சாமான் விற்ற கடையைத் தடுத்து, எட்டு பிளைவுட் கேபின் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை மாட்டியிருந்தார். நான் அங்கே வேலைக்கு இருந்தேன். மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் வருவேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. அதனால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன்.

அது இரண்டாயிரத்துச் சொச்சம். கேபின்களுக்குள் எல்லோரும் குசுகுசுவென்றுதான் இருப்பார்கள். சொல்தாவுக்கு டைப் அடிக்கவும் வராது, குசுகுசுக்கவும் வராது. பட்டாளத்தில் ஆணை கொடுக்கும் குரலில் அவர் சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் நான் அடிக்க வேண்டும். உள்ளே நுழையும்போதே, "தம்பி, பாஸ்வேர்டு மறந்துட்டேன்பா" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் நாலாவது கேபின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பெண் குரல் வரும்: "உங்க மதாம் பேரு, அப்புறம் உங்க வீட்டு நம்பர், அங்கிள்." ஏழாவது கேபினிலிருந்து ஒருவன் சேர்த்துக்கொள்வான்: "மொத எழுத்து பெருசு, சார்."

வெளிநாட்டில் இருக்கும் பாண்டிக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் அரட்டை அடிக்க ஓர் இணையக் குழு வைத்திருந்தார்கள். பாரிஸ் புயல், நிலாப்பெண், அனானி என்று ஆளுக்கொரு புனைபெயர். வாத்து மாதிரி இருந்த கத்தரிக்காயைப் படம் எடுத்துப் போடுவார்கள். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்று வேர்த்ததைப் புலம்புவார்கள். "யாருக்கும் சொல்லாத உண்மை" என்று அதில் ஒரு பகுதி உண்டு. அதற்குத்தான் கூட்டம் அதிகம். மாமியார் ஆசையாகக் கொடுத்தனுப்பிய ஊறுகாயை விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "கஸ்டம்ஸ்காரன் பிடுங்கிட்டான் அத்தே" என்று போனில் அழுததாக நிலாப்பெண் எழுதியிருந்தாள்.

சொல்தாவுக்கு அந்தப் புனைபெயர்களைக் கண்டாலே ஆகாது. "பேரில்லாம எழுதினா அது மொட்டைக் கடுதாசிப்பா. எனக்கு என் பேரு, தெரு, வீட்டு நம்பர் மூணையும் போடு." ஒவ்வொரு பதிவின் அடியிலும் போட்டேன். இந்தக் கட்டுரையில் நான் போடவில்லை. தெரிந்தால் திட்டுவார்.

முதல் பதிவு எதிர்வீட்டுக்காரரைப் பற்றியது. அவர் காலையில் தொண்டையைக் காறும் சத்தம் கோயில் மணிக்கு முன்னால் கேட்கிறது என்று எழுதச் சொன்னார். எதிர்வீட்டுக்காரரின் மகன் லியோனில் இருந்து அதைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்ய, மறுநாள் மனிதர் சொல்தா வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"என் தொண்டையப் பத்தி பிரான்ஸ் வரைக்கும் எழுதிருக்கியே, நியாயமா?"

"எழுதினேன். கீழ பேரும் போட்டிருக்கேன்ல? நீ வந்து கேக்கட்டும்னுதான் போட்டேன். கேட்டுட்டே. இனிமே பின்கட்டுல போய் காறு."

அடுத்தது சொந்த வீட்டுக்கே வைத்த வேட்டு. தன் மனைவி ஞாயிற்றுக்கிழமை வைக்கும் ஆட்டுக்கறி ரகு என்ற பிரெஞ்சுக் குழம்பில் கிராம்பு ஒரு கை அதிகம் என்றும், இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவதாகவும் பதிந்தார். அந்த அம்மாளைத் தெருவே மதாம் என்று கூப்பிடும். விஷயம் பாரிஸ் சுற்றி மதாம் காதுக்கு வர ஒரே ஒரு ராத்திரிதான் ஆனது. அடுத்த வாரம் முழுக்கச் சொல்தாவுக்கு வெறும் பேக்கரி ரொட்டி. அதையும் பதியச் சொன்னார்: "சொன்ன உண்மையின் விலை, ரொட்டி. உண்மையை வாபஸ் வாங்கவில்லை. ரொட்டியைச் சாப்பிடுகிறேன்."

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்பா, இங்க வர்றவன்லாம் நாலு பேருக்குத் தெரியாம இருக்கணும்னுதான் வர்றான். இவரு ஒலிபெருக்கி வச்சிருக்காரு. கேபினெல்லாம் காலியாயிடும் பாத்துக்கோ." காலியாகவில்லை. சொல்தா வரும் நேரத்துக்குத்தான் எட்டு கேபினும் நிரம்பியது. திரைக்குப் பின்னால் ஒருவரும் எதையும் தட்டுவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாய் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை. ஜூன் மாதத்தில் ஒரு நாள், பாரிஸ் பக்கம் இருக்கும் அவருடைய மகள் அதே குழுவில் பெருமையாக எழுதியிருந்தாள். நான்தான் வாசித்துக் காட்டினேன். அவள் பையன் பள்ளிக்கூடத்தில் தாத்தாவின் குண்டுக் காயத்தைப் பற்றிப் பேசினானாம். வகுப்பே எழுந்து நின்று கை தட்டியதாம்.

சொல்தா சட்டைக்கை மேலேயே தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த உண்மைப் பகுதிக்குப் போ தம்பி" என்றார்.

போனேன். அவர் சொன்னார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, கொஞ்சமும் இறங்கவில்லை.

"நான் ஜிபூத்தில எந்தச் சண்டையும் போடல. துப்பாக்கி எனக்குக் குடுத்தாங்க, அது அலமாரிலயே இருந்திச்சு. நான் சமையல்காரன். பட்டாளத்துல இருந்த வரைக்கும் சமையல்கட்டுலதான் இருந்தேன். என் கையில இருக்கறது குண்டு பட்ட தழும்பு இல்ல. எண்ணெச் சட்டி கவுந்த தழும்பு."

என் விரல் நின்றுவிட்டது.

"சார், இது ஒண்ணு மட்டும் வேற பேருல போட்டுரலாமா?" என்றேன்.

"பொய் சொன்னப்ப என் பேருலதான சொன்னேன்?"

"இத்தன வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு சார்?"

"நான் சொன்ன பொய்ய நான் தூக்கிட்டுத் திரியலாம். அது என் தலையெழுத்து. அந்தப் பொடியன் ஏம்பா தூக்கணும்? அடி."

அடித்தேன். பேர், தெரு, வீட்டு நம்பர்.

மறுநாள் ஊரே கொந்தளித்தது என்று எழுதினால் மிகை. பாதி ஊர் கொந்தளித்தது. மீதிப் பாதி சிரித்தது. மதாமைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்த அம்மாள் நேராகச் சென்டருக்கே வந்து, என் மேசைக்கு முன்னால் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியாம இன்னா? கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் வெங்காயம் அரிஞ்சாரு. தலைமுடி கணக்கா அரிஞ்சாரு. துப்பாக்கி புடிச்ச கை அப்படி அரியுமா? அன்னிலேர்ந்து நான் அவர சமையல்கட்டுப் பக்கமே விடல, எவளாவது பாத்துட்டா மானம் போயிடும்னு. கிராம்பு தூக்கலா இருக்குன்னு தெரிஞ்சே நானே கஷ்டப்பட்டு சமைச்சேன். இவ்வளவு காலம் நான் காபந்து பண்ணின பொய்ய என்ன ஒரு வார்த்த கேக்காம எப்படி அவுத்து வுடலாம் இந்த மனுசன்?"

மதாமுக்குக் கோபம் பொய்யின் மேல் இல்லை, அனுமதி கேட்காததன் மேல். பாய் எழுந்து அந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டார்.

நிஜமான வில்லங்கம் ஊரிலுள்ள பழைய சொல்தாக்களின் சங்கத்திலிருந்து வந்தது. ஜூலை பதினாலு பிரான்ஸ் நாட்டுக்குத் தேசிய நாள். எங்கள் ஊரிலும் பழைய சொல்தாக்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் அணிவகுத்து நடப்பார்கள். முன்னால் கொடி பிடித்துப் போகும் மரியாதை அந்த வருஷம் இவருக்குத்தான் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அவர் அதற்காகப் பல வருஷம் காத்திருந்தவர். பதிவு வந்த நாலாம் நாள் சங்கத்தின் செக்ரட்டரி, அவரும் ஒரு பழைய சொல்தாதான், சென்ட் மணக்க சென்டருக்கு வந்தார். சொல்தா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உன் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியுமாமே?" என்றார் செக்ரட்டரி.

"தெரியும். இன்னா இப்ப?"

"அதான் நல்லதாப் போச்சுங்கிறேன். எவனோ பசங்க உன் பேருல உள்ள போயி விளையாடிட்டான்னு ஒரு வரி போட்டுடு. கொடி உன் கையில. முடிஞ்சிது கதை." பிறகு என்னைப் பார்த்தார். "யாருன்னு கேட்டா, இதோ இந்தப் பையன்னு சொல்லிடு. வேலைக்கு வந்த பையன்தான, இவனுக்கு இன்னா குறைஞ்சிடப் போவுது?"

பாய் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார், செக்ரட்டரியைப் பார்த்தார். எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. நுனியில் உட்கார்ந்திருந்தாலும் அது என் நாற்காலி.

சொல்தா எழுந்து நின்றார். அவர் அவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது.

"குழம்பு வச்சவன் நான். பொய் சொன்னவன் நான். இப்ப உண்மையச் சொன்னவனும் நான். மூணுலயும் வேற எவனுக்கும் பங்கு கெடையாது. இந்தப் புள்ள பேர இன்னொரு வாட்டி எடுத்தே, உன்னப் பத்தியும் ஒரு உண்மை எனக்குத் தெரியும். அதையும் என் பேருலயே போடுவேன்."

செக்ரட்டரி என்ன உண்மை என்று கேட்கவில்லை. "அப்ப கொடி கெடையாது" என்றார்.

"கெடையாதுன்னா கை சும்மாதான இருக்கும். வீசிக்கிட்டு நடப்பேன்."

"நடந்தா கடைசி வரிசைல நட."

"கடைசி வரிசைக்கும் அதே ரோடுதான."

நாலாவது கேபினில் யாரோ மெல்லக் கை தட்டினார்கள். "எவ அது, வேலயப் பாரு" என்றார் சொல்தா, திரும்பாமலே.

இவ்வளவு வீரமும் ஒரு விஷயத்தில் மட்டும் செல்லவில்லை. மகளிடமிருந்து பதில் வரவே இல்லை. போனும் இல்லை. குழுவில் யார் யாரோ என்னென்னவோ எழுதினார்கள். கேலி, பாராட்டு, அறிவுரை எதையும் அவர் வாசிக்கச் சொல்லவில்லை. தினமும் வந்து என் காதோரம் குனிந்து, "அது வந்துச்சாப்பா?" என்பார். அந்த மனிதர் குசுகுசுத்து நான் கேட்டது அந்த நாட்களில்தான். இல்லை என்பேன். "பரவால்ல" என்று கிளம்பிவிடுவார். நாலாவது கேபின் பெண் ஒருநாள் திரையை விலக்கி, "அண்ணா, நாமளே அந்தப் பொண்ணு மாதிரி ஒரு பதில் போட்டுரலாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை, எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. ஆனால் அவரிடம் போய்ப் பொய்யை எடுத்து நீட்ட யாருக்குத் தைரியம் வரும்.

ஜூலை பதினாலு காலையில் பாய் சென்டரைத் திறக்கவில்லை. எனக்கு லீவு என்றார், கூடவே ஸ்கூட்டரில் ஏறச் சொன்னார். கடற்கரைச் சாலையில் கொடி வேறொருவர் கையில் முன்னால் போனது. வரிசை வரிசையாகப் பொத்தான் போட்ட முழுக்கைகள். கடைசி வரிசைக்கும் கடைசியில் எங்கள் சொல்தா வந்தார். வலது கைச் சட்டையைத் தோள் வரை மடித்துவிட்டிருந்தார். தழும்பு வெயிலில் மின்னியது. இரண்டு கையையும் வீசி நடந்தார்.

ஓரத்தில் நின்ற விடலைகளில் ஒருத்தன், "பெரியவரே, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கத்தினான்.

"தட்டோட வா, சொல்றேன்" என்றார், காலடி தப்பாமல்.

நடைபாதையில் அவருக்கு இணையாக மதாம் குடையோடு நடந்துகொண்டிருந்தார். சிரித்த பசங்களைத் தாண்டும்போது மட்டும் குடையை மடக்கிக் கையில் பிடித்தார். அந்தப் பக்கம் அப்புறம் சிரிப்புச் சத்தம் இல்லை. பாய் என் காதில், "அந்தக் கொடிய இந்தம்மா கையில குடுத்திருக்கணும்" என்றார்.

ஊர்வலம் முடிந்ததும் சொல்தா சென்டருக்கு வந்தார், மெடலோடு, மடித்த கையோடு. பாய் பாதி ஷட்டரை மட்டும் தூக்கினார். நான் திறந்து பார்த்தேன். மகளின் பதில் வந்திருந்தது. அவரிடம் சொல்லாமலே வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கோபமாகத்தான் ஆரம்பித்திருந்தாள். இத்தனை வருஷம் எங்களையும் ஏமாற்றினீர்களே அப்பா என்று இருந்தது. ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்று இருந்தது. சொல்தா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு வரியைக்கூட மறுக்கவில்லை. பிறகு இப்படி எழுதியிருந்தாள்: "பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்னால் அவனே வகுப்பில் எழுந்து, நான் முன்பு சொன்னது தப்பு, என் தாத்தா சமையல்காரர் என்று சொல்லிவிட்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த முறை யாரும் கை தட்டவில்லையாம். ஒரு பெண் மட்டும், உன் தாத்தா என்ன சமைத்தார் என்று கேட்டிருக்கிறாள். இவனுக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்கச் சொல்லி உயிரை எடுக்கிறான்."

சொல்தா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அதையும் சத்தமாகத்தான் செய்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அடி தம்பி. திங்கக்கிழமை, உருளைக்கெழங்கு. செவ்வாக்கிழமை, பருப்பு சூப்பு. அதுல நான் இங்கேர்ந்து கொண்டுபோன வடகத்தக் கிள்ளிப் போட்டுடுவேன். எங்க கப்பித்தேன், அதான் கேப்டன், அவனுக்குத் தெரியாது. குடிச்சிட்டு, இது எந்த ஊரு பருப்புன்னு கேப்பான். பிரான்ஸ் பருப்புதான் மோன் கப்பித்தேன்னு சொல்லுவேன். இத முதல்ல எழுது, இதுவும் ஒரு பொய்தான்னு ப்ராக்கெட்ல போடு. புதன்கிழமை…"

மதாம் வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "எந்த வடகம்? எங்கம்மா அனுப்பினதா?" என்றார். பாய் ஷட்டரை மறுபடி இறக்கி, எங்களை உள்ளே வைத்து, வெளியே போய் டீ சொன்னார்.

நான் மிக வேகமாக டைப் அடிப்பவன். அன்றைக்கு, அவர் சொல்லும் வாரம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.