செபஸ்தி அத்தானின் மஞ்சள் ஹெல்மெட்

விவாதத்தில் தோற்றுப்போவதும் சில நேரம் நல்லது என்று எனக்குச் சின்ன வயதில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் அதையும் எதிர்த்து ஒரு மணித்தியாலம் விவாதித்திருப்பேன். அப்படிப்பட்ட பிறவி நான்.

அக்காவின் கணவர் செபஸ்தி அத்தான், சீனன்குடாவுக்குப் போகும் வழியில் ஒரு தனியார் களஞ்சியத்தில் காவல்காரர். (எந்தக் களஞ்சியம் என்று கேட்காதீர்கள். அங்கே எனக்கு இன்னும் நல்ல பெயர் இல்லை.) பதினொரு வருடம் இரவு வேலை பார்த்தவரை, பகல் காவலுக்குத் தற்காலிகப் பொறுப்பாளராகப் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தால் அதோடு இரவு வேலைக்குக் கும்பிடு. அந்தக் கடிதத்துக்காக அக்கா மாதா கோயிலில் கொளுத்திய மெழுகுதிரிகளை ஒன்றாக ஏற்றியிருந்தால், எங்கள் அன்புவழிபுரம் முழுக்க ஒரு கிழமைக்கு மின்சாரம் தேவைப்பட்டிராது.

அத்தான் பகல் வேலைக்கு வந்ததால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் சனிக்கிழமைப் பின்னேரங்கள். தமிழில் குரல் கொடுத்த ஒரு வெளிநாட்டு உளவாளித் தொடர் அப்போது ரீவியில் போய்க்கொண்டிருந்தது. கையுள்ள கதிரையில் அத்தான், வாசலோரம் அக்கா, நிலத்தில் நான். எனக்கு வயது இருபத்துநாலு. கணினி டிப்ளோமா முடித்திருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாத ஒரே விடயம், வேலை எங்கே கிடைக்கும் என்பதுதான்.

முதல் சீசனின் கடைசி அங்கத்தில் நாயகன் எதிரியின் எண்ணெய்க் கிடங்குக்குள் நுழைய வேண்டும். எட்டு வாரமாக நகத்தைக் கடிக்க வைத்தவன், தலையில் ஒரு ஹெல்மெட், கையில் ஒரு பைல், காதில் தொலைபேசி என்று நேராக வாசலால் நடந்து உள்ளே போய்விட்டான். காவல்காரன் சலாம் வேறு போட்டான்.

"இது ஏலாது, நடக்காத காரியம். கேற்றில நிக்கிறவனுக்குக் கண்ணில்லையோ?" என்றார் அத்தான்.

"ஏன் ஏலாது அத்தான்? ஹெல்மெட்டும் பைலும் இருந்தா ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான். இது மனித உளவியல்." (உளவியல் பற்றி நான் படித்ததெல்லாம் வாரமலரின் ஒரு பக்கம்.)

"என்ட கேற்றால பூனை போறதெண்டாலும் பேர் எழுதிப்போட்டுத்தான் போகும்."

நான் விடவில்லை. சோறு ஆறும்வரை வாதாடினேன். கடைசியில் அத்தான் கோபமில்லாமல் ஒன்று சொன்னார்: "தம்பி, நான் பதினொரு வருசம் கேற்றுக்கு முன்னால நிண்டவன். நீ ரீவிக்கு முன்னால இருந்தவன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது.

அந்தக் களஞ்சியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாடு வீடுகளிலிருந்து வரும். கேற்றடியில் ஒரு நீள மரப்பலகை வாங்கு கிடக்கும். கொண்டு வருகிறவர்கள் பெயர் எழுதிய பையை அதில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கேற்றைத் தாண்டக்கூடாது. அத்தானின் சாப்பாட்டைச் சைக்கிளில் கொண்டுபோவது, வேலையில்லாத எனக்கு அக்கா தந்திருந்த வேலை.

திங்கட்கிழமை காலை அக்காவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "இண்டைக்கு அவரை மேல ஒபிசுக்குக் கூப்பிட்டிருக்கினம். கடிதம் விஷயமாத்தானாம். இறால் பொரிச்சு வச்சிருக்கிறன், ஆறாமல் கொண்டு போ."

நல்ல தம்பி ஒருவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான்? மாதாவே, அத்தானுக்குக் கடிதம் கிடைக்கட்டும் என்று நினைப்பான். நான் நினைத்தது: அத்தான் மேலே என்றால் கேற்றடியில் இருக்கமாட்டார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அலுமாரிக்கு மேலே கிடந்த அத்தானின் பழைய மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்தேன். என் சான்றிதழ் பைலை அக்குளில் செருகினேன். சைக்கிளைத் தூரத்தில் சாத்திவிட்டு, காதில் தொலைபேசியை வைத்து, "ஓம் சேர், ஓம் சேர்" என்று இல்லாத சேரோடு கதைத்துக்கொண்டு நடந்தேன். சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் மற்றக் கையில் பிடித்திருந்தேன். எந்த நாட்டு உளவாளியும் பொரித்த இறாலோடு போயிருக்கமாட்டான்.

கேற்றில் அத்தானுக்குக் கீழே வேலை பார்த்த காவல்காரர், கிண்ணியா நஸீர் நானா நின்றார். என்னைப் பார்த்தார். சிரித்தார். வழியை மறித்திருந்த தடியை உயர்த்தினார். நான் உள்ளே.

ஏலும்! நெஞ்சு விம்ம, முற்றத்தின் நடுவில் நின்று என்னையே ஒரு படம் எடுத்து, "பாத்தீங்களோ அத்தான், ஏலும்" என்று எழுதி, எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன்.

அதே நேரம் மேலே நடந்ததைப் பிறகு அறிந்தேன். மேலாளர் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு யன்னலால் பார்த்திருக்கிறார். "செபஸ்தியான், நீங்கள் இஞ்ச இருக்கிறீங்கள். கீழ உங்கட பேரோட ஒருத்தர் நடக்கிறாரே?" ஹெல்மெட்டின் பின்பக்கம் அத்தானின் பெயர் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அத்தான் எழும்பி எட்டிப் பார்க்கவும், அவருடைய தொலைபேசி 'டிங்' என்றது.

என்னை மேலே கொண்டுபோனார்கள். நஸீர் நானாவையும் கூப்பிட்டார்கள்.

"எப்படி உள்ள விட்டனீர்?" என்றார் மேலாளர்.

"சேர், இவர் எனக்குத் தெரிஞ்ச ஆள். செபஸ்தி அண்ணன்ட மச்சான். ஆறு மாசமா சாப்பாடு கொண்டு வாறவர். இண்டைக்கு ஹெல்மெட்டும் பைலுமா வந்தார். பாவம், வேலை கிடைச்சிட்டாக்கும் எண்டு சந்தோசத்தில விட்டிட்டன்."

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வேடம் ஒருவரையும் ஏமாற்றவில்லை. உளவியலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு வேலை கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரு மனிதரின் நல்ல மனதால்தான் நான் உள்ளே போயிருக்கிறேன். இப்போது அவருடைய வேலைக்கே ஆபத்து.

மேலாளர் நஸீர் நானாவை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகச் சொன்னதும் அத்தான் எழும்பினார். "அவரில பிழையில்லை சேர். என்ட வீட்டு ஆளைக் கேற்றடியில பழக விட்டது நான். பொறுப்பு என்ட."

நஸீர் நானா எச்சரிக்கையோடு தப்பினார். மேசையில் இருந்த கடிதம் திரும்ப மேசை லாச்சிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. அத்தான் அடுத்த கிழமையே இரவு வேலைக்குத் திரும்பினார். கேற்றடி வாங்கையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சாப்பாடு தடை. என் ஒருவனால் அங்கே வேலை செய்த அத்தனை பேரும் கடைச் சோற்றுக்கு வந்தார்கள்.

படியால் இறங்கும்போது அத்தான் எனக்கு அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "நீ சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா ஒன்றரை மாதம் என்னோடு கதைக்கவில்லை. குசினியில் சட்டிகள்தான் கதைத்தன. முதன்முதலாக வாய் திறந்தது, ரீவியில் எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு கேற்றைத் தாண்டியபோது. "இவன் எந்தக் காவல்காரன்ட மச்சான்?" என்றாள். அன்றைக்கு அது பகிடி இல்லை.

இரண்டாம் சீசனை அத்தான் இல்லாமல் பார்த்தோம். அந்தக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. ஞாயிறு காலையில் வேலை முடிந்து வருபவருக்கு முழுக்கதையையும் நான் சொல்வேன். கண் சொருகச் சொருகக் கேட்பார். "இது ஏலுமோ அத்தான்?" என்று கேட்டால், "ஏலும், ஏலும்" என்பார். அவர் என்னோடு வாதாடாமல் விட்டதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

கடிதம் வர மூன்று வருடம் பிடித்தது. போன மாதம் மூன்றாம் சீசனின் கடைசி அங்கம். அத்தான் கதிரையில் இருந்தார். நாயகன் இந்த முறை ஒரு கடற்படைத் தளத்துக்குள் பைலோடு நுழைய, காவல்காரன் சிரித்துக்கொண்டு தடியை உயர்த்தினான். அக்காவும் அத்தானும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இது ஏலாது," என்றார் அத்தான். திரையைக் காட்டி, "கையில சாப்பாட்டுப் பையைக் காணேல்லையே" என்றார்.

அக்கா சிரித்துப் புரையேறினாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பெரிதாகக் கேட்டது அந்த 'ஏலாது'தான். மூன்று வருடத்துக்குப் பிறகு அத்தான் என்னோடு வாதாட வந்திருக்கிறார்.

"ஓம் அத்தான், ஏலாது," என்றேன்.