முருங்கைக்காயும் கேள்வி சிஸ்டரும்

போலீஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்ட கேள்விகளைவிட, திண்டுக்கல்லில் ஒரே ஒரு நர்ஸ் கேட்ட கேள்விகள் அதிகம். அந்த ஆஸ்பத்திரியில் அவர் பெயரே கேள்வி சிஸ்டர்தான்.

தொண்ணூறுகளில் குடல்வால் ஆபரேஷனுக்காக அங்கே படுத்திருந்தேன். வந்ததும் வராததுமாக, "எந்தப் பக்கம் படுத்தாத் தூக்கம் வரும்? வீட்ல யாரு பேச்சுக்கு அடங்குவீங்க? எதைச் சொன்னா சுருக்குன்னு கோவம் வரும்?" என்றார். எனக்குப் பெண் கொடுத்தவர்கள்கூட இவ்வளவு விசாரித்ததில்லை.

எனக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். மறுநாள் ஊசியோடு வந்தவர், "ஏன் சார், நம்ம ஊரு பிரியாணில அப்படி என்னதான் இருக்கு? மதுரைலயே இதைவிட நல்லாருக்குமாமே?" என்றார். நான் கொதித்தெழுந்து, சீரகச் சம்பாவில் தொடங்கி வாதாடி முடித்தபோது, ஊசி போட்ட இடத்தில் பஞ்சுதான் இருந்தது. சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

அடுத்த கட்டில்காரர் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏலம் விடுபவர். வயிற்றில் பெரிய ஆபரேஷன். மூச்சை நன்றாக இழுத்து விட வேண்டும், இருமிச் சளியைத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நிமோனியா வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மனிதரோ தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில், சூடான காபியை உறிஞ்சுவதுபோல மூச்சைச் சொட்டுச் சொட்டாக இழுத்தார். காய்ச்சல் ஏறியது. நெஞ்சு கர்புர்ரென்றது. அவர் மனைவி அழுதபடி உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டர் அந்த அம்மாவிடம் கேள்வியை ஆரம்பித்தார்.

"வீட்ல சத்தமாப் பேசுவாராம்மா?"

"வீட்ல பேசவே மாட்டாருங்க. ஏலத்துல நின்னா மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமுங்க."

அவ்வளவுதான். காலையில் சிஸ்டர் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். ஏலக்காரரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தலையணையைக் கொடுத்தார்.

"தையல் மேல இதை அழுத்திப் பிடிச்சுக்கங்க, ஒண்ணும் பிரியாது. இப்ப ஏலம் விடுங்க."

"ஏனுங்க சிஸ்டர், இங்கயா?"

"வாங்குறதுக்கு ஆளு இருக்குல்ல?" என்று வார்டைக் காட்டினார்.

அவர் முனகலாக ஆரம்பித்தார். நான் சும்மா இருக்காமல், "மொத்தக் கட்டும் நாலணா!" என்றேன்.

"நாலணாவா?" மனிதரின் முகம் மாறியது. தலையணையை அணைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "முருங்க்க்கேய்ய்!" என்று அவர் விட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தொடர்ந்து ஓர் இருமல். சளி கட்டியாக வெளியே வந்தது. சிஸ்டர் கிண்ணத்தோடு தயாராக நின்றார்.

சண்டையோ என்று டாக்டர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். பிறகு, "நான் எட்டணா!" என்றார்.

அன்றிலிருந்து வார்டில் காலையும் மாலையும் ஏலம். காலில் கட்டுப் போட்டவர், கண்ணில் பஞ்சு வைத்தவர் எல்லோரும் விலை கேட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. ஏலக்காரர் தானே நடந்து வாசலுக்குப் போய் வேன் ஏறியபோது, நாங்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கைதட்டினோம். சிஸ்டர் விசில் அடித்ததாகவும் சொன்னார்கள்.

மறுநாள் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பையை எடுப்பதற்குள், என் கட்டிலில் உட்கார்ந்த புது ஆளிடம், "எந்தப் பக்கம் படுத்தாத் தூக்கம் வரும்?" என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நோயாளி மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.